லூயி-பிளாங் தெருவில் மாட்டிக்கொண்ட லாச்சி

பெப்ரவரிக் குளிரில் கரவானில் பயணம் போகப் புத்தியுள்ள எவரும் சம்மதிக்கமாட்டார்கள். நான் சம்மதித்தது மச்சாளின் கலியாணத்துக்காக. என் கணவரின் ஒரே தங்கை அவள். ஊரிலிருந்து வந்த நாள்முதல் ஆறு வருடம் பாரிசுக்குப் பக்கத்துத் திரான்சியில் எங்கள் வீட்டுச் சோபாவில்தான் படுத்தாள். ஜெர்மனியில், டோர்ட்முண்டில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன் என்பதால் என் கணவர் போயே ஆகவேண்டும். எனக்கென்று சடங்கு எதுவும் இல்லை. ஆனால், "அண்ணி, மணவறைக்கு நீங்கள்தான் என்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். அதற்காக நடந்தே போயிருப்பேன்.

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற எங்கள் கரவான் பழையது, அமெரிக்கத் தயாரிப்பு. பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கச் சுவரும் அதோடு சேர்ந்த சோபாவும் 70 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்து, உள்ளே இடம் பெருகும். மேசையின் இழுப்பறை, அதாவது லாச்சி, மாதிரி இழுபடுவதால் எங்கள் வீட்டில் அதற்கு லாச்சி என்றே பெயர். வண்டி ஓடும்போது லாச்சி உள்ளே இருக்கவேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனி காலை 7.40க்குப் புறப்பட்டோம். வடக்கே போகவேண்டியவர்கள் 10 கிலோமீட்டர் எதிர்ப்பக்கமாகப் பாரிசுக்குள் வந்தது பலகாரத்துக்காக. லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் முறுக்கும் சீனி அரியதரமுமாகப் பன்னிரண்டு பெட்டி சொல்லிவைத்திருந்தோம், 180 யூரோ. 8.25க்குச் சரக்கு இறக்கும் இடமொன்றில் நிறுத்தினோம். வெளியே 3 பாகை.

"இஞ்சாரும், லாச்சியை ஒருக்காத் திறந்தால் லேசா அடுக்கலாம்," என்றார் கணவர். அடுக்குவதற்கல்ல, தெருவுக்குக் காட்டுவதற்கு என்று எனக்குத் தெரியாதா? அழுத்தினார். லாச்சி வழமைக்கு மாறாக முக்கி முனகிக்கொண்டு நடைபாதைக்கு மேலே வந்து, ஒரு முடி அலங்காரக் கடையின் வாசலுக்கு ஒரு முழம் விட்டு நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு 9.05க்கு மூடப் போனால், மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டுச் செத்துப்போனது.

"இஞ்சாருங்கோ, இதுக்கு ஏதும் செய்தனீங்களோ?"

"நேற்று எண்ணெய் விட்டனான். கிரீச் கிரீச்செண்டு சத்தம் போட்டதெல்லோ."

"என்ன எண்ணெய்?"

குனிந்து பார்த்தேன். லாச்சி ஓடுகிற தண்டவாளம் நெடுக வெள்ளை மெழுகாக ஏதோ உறைந்து, அதன்மேல் தூசி. வாசனையே சொல்லிவிட்டது. நான் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்! போத்தலுக்குள் கட்டியாகக் கிடந்ததை அடுப்பில் உருக்கி ஊற்றினாராம். உருக்கும்போதாவது யோசித்திருக்கக் கூடாதா? மனிதரை நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"கத்தாதையும். கையாலை சுத்துற பிடி ஒண்டு இருக்கு," என்று சோபாவுக்கு அடியில் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். எனக்கு மெல்ல வியர்க்கத் தொடங்கியது. போன கிழமை பலகாரப் பெட்டிகளுக்கு இடம் எடுக்கிறேன் என்று அங்கே கிடந்த வளைந்த இரும்பொன்றை வீட்டு நிலவறையில் கொண்டுபோய்ப் போட்டது நான்தான். வாயை மூடிக்கொண்டேன்.

இதற்கிடையில் லாச்சியின் யன்னல் வழியே பெட்டிகளைக் கண்ட சனம் வரிசை கட்டத் தொடங்கிவிட்டது. "தங்கச்சி, அரியதரம் என்ன விலை?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நாலாவதாக வந்தவர் சீருடை போட்ட பிரெஞ்சு அலுவலர். பதினொரு மணிக்குள் எடுக்காவிட்டால் இழுவை வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். லாச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்க இழுத்தால் முதல் மின்கம்பத்தோடு பாதி வீடு போய்விடும்.

"நான் காரைக் கழட்டிக்கொண்டு போறன். நீர் இதோடை நில்லும். தோழன் இல்லாமல் ஏலாதெல்லோ," என்றார் கணவர். வேறு நாளென்றால் பதிலுக்குத் தெரு அதிர்ந்திருக்கும். ஆனால் குற்றம் பாதி என்னுடையது. மச்சாளின் கை மட்டும் கண்ணுக்குள் வந்தது.

10 மணிக்குக் கடை திறக்க வந்த முடி அலங்கார அக்கா தன் வாசலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தண்டவாளத்தை மோந்து பார்த்தார்.

"தம்பி, இது தலைக்கு வைக்கிறதெல்லோ?"

"ஓம் அக்கா."

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறியள்."

பூட்டைத் திறந்து, ஓர் இரும்புப் பிடியைச் செருகிச் சுற்றிச் சுற்றித் தன் கடைக் கதவுத் தகட்டை மேலே ஏற்றினார். நானும் கணவரும் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அக்கா, அந்த மனிவெல்லை, அந்தச் சுத்துற பிடியை, ஒருக்காத் தாங்கோவன்," என்றேன்.

அறுகோண முனை. கரவானின் அடியில் ரப்பர் மூடியைக் கழற்றிச் செருகினால் அளவெடுத்தது போலப் பொருந்தியது. கணவர் மல்லாந்து படுத்து, கையால் சுற்றவிடாமல் பிடித்திருந்த மோட்டாரின் பூட்டு நெம்பியை விடுவித்தார். அக்கா நீட்டு வயரில் முடி உலர்த்தியைக் கொண்டுவந்து தண்டவாளத்துக்குப் பிடித்தார். "எத்தினை தலைக்குப் பிடிச்சிட்டன், வீட்டுக்குப் பிடிக்கிறது இதுதான் முதல்தரம்!" உருகியதை நான் துடைத்தேன், கணவர் சுற்றினார். அங்குலம் அங்குலமாக நாற்பது நிமிடம். 10.52க்கு லாச்சி உள்ளே போய் அடங்கியது. அரியதரத்துக்கு நின்ற சனம் கைதட்டியது. அக்காவுக்கு ஒரு பெட்டி கொடுத்தோம். வரிசையில் நின்றவர்களுக்கு எதுவும் இல்லை.

520 கிலோமீட்டர், பிரெஞ்சுச் சுங்கம் 27 யூரோ. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே போய்ச் சேர்ந்தோம். ஞாயிறு காலை மச்சாளின் கையைப் பிடித்து மணவறைக்கு நடந்தபோது, "அண்ணி, உங்கடை கையெல்லாம் தேங்காயெண்ணெய் மணம்," என்று காதுக்குள் சொன்னாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

லாச்சி உள்ள கரவான் வைத்திருப்பவர்களுக்கு: தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஒட்டாத சிலிக்கன் ஸ்பிரே மட்டும் அடியுங்கள். சமதரையில் மட்டும் திறவுங்கள். மூடுமுன் லாச்சியின் கூரையில் இலை, தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். கையால் சுற்றும்போது மெதுவாகச் சுற்றுங்கள். ஒருவர் உள்ளே நின்று எங்கும் இடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். முடிந்ததும் நெம்பியைப் பழையபடி பூட்ட மறந்தால் ஓடும்போது லாச்சி தானாக வெளியே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிடி வண்டிக்குள் இருக்கட்டும்.

பிடியைத் தான்தான் தொலைத்ததாக என் கணவர் இன்றுவரை நம்புகிறார். இரண்டுதரம் மன்னிப்பும் கேட்டுவிட்டார், நானும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். உண்மையை இங்கே எழுத எனக்குப் பயமில்லை. கரவானைப் பராமரிப்பது எப்படி என்று எழுதியிருக்கிற எதையும் அந்த மனிதர் வாசித்ததே கிடையாது.