சித்தியின் பெட்டி பாடிய நாள்

என் மாமாவுக்குச் சத்தம் என்றால் உயிர். கிழமை நாட்களில் பேருந்து ஓட்டினார். சனி, ஞாயிறுகளில் ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டு விசேஷம் என்றாலும் கறுப்புப் பெட்டிகளோடு மண்டபத்தில் வந்து இறங்கிவிடுவார். அவர் வைத்த மைக்கில் யார் பேசினாலும் குகைக்குள் இருந்து பேசுவதுபோல எதிரொலிக்கும். ஐயரின் மந்திரம் எதிரொலிக்கும், நன்றியுரை எதிரொலிக்கும், வாசலை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லும் அறிவித்தல்கூட அசரீரி மாதிரி எதிரொலிக்கும். கார்க்காரர் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். எக்கோ இல்லாத விசேஷத்தை எங்கள் சனம் விசேஷமாகவே கணக்கெடுப்பதில்லை.

அவருடைய கடைசித் தங்கையான சித்தியோ மைக்கே இல்லாமல் பாடுகிறவர். மாமாதான் சித்தியை நோர்வேக்குக் கூப்பிட்டு எடுத்து, பள்ளியில் சேர்த்து, பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, தகப்பன் இடத்தில் நின்று வளர்த்தவர். பல் வைத்தியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தி அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓபராப் பாட்டுப் படிக்கப் போனதும் மாமாவின் மனம் விட்டுப்போயிற்று. சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. சாப்பாடு, காலநிலை, காருக்கு மாரிகாலச் சில்லு மாற்றுவது எல்லாம் பற்றிச் சித்தியோடு நன்றாகத்தான் கதைப்பார். பாட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. சித்தி துறைமுகத்து ஓபரா அரங்கில் கோரஸில் பாடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் மாமாவுக்கும் டிக்கெட் கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்கென்று பார்த்து மாமாவுக்கு மண்டப வேலை வந்துவிடும். நாங்கள் போய் வருவோம். மாமாவின் கதிரையில் என் கம்பளித் தொப்பி இருந்து பாட்டுக் கேட்கும்.

இந்தச் சித்திக்கு ஸ்பீக்கர் செய்யும் விசர் எப்படிப் பிடித்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் எங்கள் தொடர்மாடியின் நிலக்கீழ் அறையில், பனிச்சறுக்குப் பலகைகளுக்கும் அம்மாவின் மிளகாய்த்தூள் வாளிகளுக்கும் நடுவில் பலகை அறுத்துப் பெட்டி அடித்துக்கொண்டிருப்பார். பெட்டி உருவானதும் அதற்கு முன்னால் குந்தியிருந்து, பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒரே சுரத்தை இழுத்துப் பாடுவார். எங்கே பலகை அதிர்கிறதோ அங்கே உள்ளே ஒரு கட்டை வைத்து ஒட்டுவார். ஒருநாள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். உள்ளே தேனீக்கூடு ஒன்று இருப்பது போலிருந்தது.

"இஞ்சை அதிரோணும். பெட்டி அதிரப்படாது. பெட்டியும் சேர்ந்து பாட வெளிக்கிட்டால் பாட்டுக் குழம்பிப்போடும்."

தன் பாட்டையே பதிவுசெய்து அந்தப் பெட்டியில் போட்டுக் கேட்பதும், எழுந்து நின்று அதே அடியைத் தானே பாடுவதும், திரும்பப் போய் எதையாவது உரஞ்சுவதுமாக ஒரு மாரிகாலம் போனது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் காதுகளில் எனக்கு அபார நம்பிக்கை.

அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்கு நாள் வைத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் தண்ணீர் வார்ப்பதும் மாமாதான், சவுண்ட் போடுவதும் மாமாதான் என்று எல்லோரும் இருந்தபோது, மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தி குண்டைத் தூக்கிப் போட்டார். "அண்ணை, இந்தமுறை மண்டபத்திலை என்ரை பெட்டியை வைப்பம்."

மாமா சிரித்தார். "அது வீட்டிலை ரேடியோ கேக்கிறதுக்குச் சரி, பிள்ளை."

"அப்ப ஒரு போட்டி வைப்பம். நான் மறைப்புக்குப் பின்னாலை நிண்டு ஒருக்காப் பாடுறன். பெட்டி ஒருக்காப் பாடும். எது ஆள், எது பெட்டி எண்டு அண்ணை சரியாய்ச் சொன்னால் அண்ணையின்ரை பெட்டி. பிழைச்சால் என்ரை பெட்டி."

காது விஷயத்தில் மாமாவைச் சீண்டினால் அவர் சும்மா இருப்பாரா? வேட்டியை மடித்துக் கட்டாத குறைதான். அப்பா கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். அது சத்தத்தைக் குடித்துவிடும் என்று சித்தி மறுத்ததால் அம்மாவின் நூல் சேலை ஒன்றை வரவேற்பறையின் குறுக்கே கட்டினார்கள். "கறி ஆறப்போகுது, கெதியாய்ப் பாடி முடியுங்கோ" என்று அம்மா கரண்டியும் கையுமாக வந்து உட்கார்ந்தார். நடுவர் நான். கேட்டு வாங்கிய பதவி. ஒரு பக்கமும் சாய மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டு, மிடுக்காகச் சேலைக்குப் பின்னால் போனேன்.

போன இடத்தில் சித்தி பெட்டியின் வயரை அம்ப்ளிஃபயரிலிருந்து உருவி நிலத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். சித்தி என் வாயைப் பொத்திவிட்டு, அப்படியே பாடத் தொடங்கினார். இத்தாலியப் பாட்டு. முடிந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கொஞ்சம் பொறுத்து அதே பாட்டைத் தானே திரும்பவும் பாடினார். சுவரில் மாட்டியிருந்த சாமிப் படத்தின் கண்ணாடி மெல்லக் கிணுகிணுத்தது. பெட்டி பாவம், சும்மா நின்றது. சேலையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தேன். மாமா கண்களை இறுக மூடி, கழுத்தை நீட்டி, ஒரு மூச்சுக்கூட நழுவிவிடாதபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு ஓய்ந்ததும் மாமா தீர்ப்புச் சொன்னார். "முதலாவதுதான் ஆள். நடுவிலை மூச்சு எடுத்தது கேட்டது. ரெண்டாவதிலை ஒரு பிசகும் இல்லை. அப்பிடிச் சுத்தமாய் மனுசர் பாட ஏலாது. அது பெட்டி."

சித்தி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் நடுவர், சத்தியம் வேறு செய்திருக்கிறேன். பொய் சொல்லவும் கூடாது, சித்தியைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. வெளியே தலையை நீட்டி, "பிழை! ரெண்டாவதாய்ப் பாடினது சித்திதான்!" என்று கத்தினேன். அது முழு உண்மை. முதலாவதைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்பா கைதட்டினார். அக்கா விசிலடித்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள். மாமா மட்டும் நம்ப முடியாதவர்போல எழுந்து, நேரே சேலைக்குப் பின்னால் வந்துவிட்டார். சித்தி அசையாமல் நின்றார்.

மாமா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்தார். நிலத்தில் கிடந்த வயரின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அதை வளையம் வளையமாகச் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். சித்தியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் ஒருமுறை தடவினார்.

"நல்ல பெட்டி, பிள்ளை," என்றார். "பெட்டி, பாட்டு ரெண்டும் மண்டபத்துக்கு வரட்டும். எக்கோ வேண்டாம்." இரண்டடி போனவர் திரும்பாமலே நின்றார். "முதலாவதாய்ப் பாடினதை இன்னொருக்காப் போட்டுவிடு. போட்டி எண்டு ஒண்டும் இல்லாமல் சும்மா இருந்து கேப்பம்."

சித்தி கிண்ணத்துத் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தார். பிறகு பாடினார். அப்படியொரு பாட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் மாமா சோபாவில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தைத் துடைக்காமல் இருந்தார்.

எனக்கு மாமாவை நினைக்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் ஊரெல்லாம் சவுண்ட் போட்ட மனிதர், கழன்ற வயரைத் தன் கையாலேயே சுற்றி வைத்துவிட்டு, பெட்டிதான் பாடுகிறது என்று இப்படி ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறாரே! நான் பெரிய மனது பண்ணி, அவர் மனம் நோகக்கூடாது என்று, அந்த ரகசியத்தை யாருக்கும் சொல்லவில்லை.