ஊட்டிக்குப் போன புகார்

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரி நிற்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மைதிலியின் அப்பாவும் ஊர் ஊராய்ப் போய்த் துளை போட்டவர்தான். தண்ணீர் வந்த துளைக்கு மோட்டார் இறங்கும். வராத துளையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அப்படி வாய் பிளந்து கிடக்கும் குழிகளைக் கண்டுபிடித்து அடைக்க, அவளும் நாலைந்து பேரும் சேர்ந்து எழுதிய மென்பொருளுக்கு ‘மூடி’ என்று பெயர். அதன் நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. பகலில் அவளுக்கு ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மூடிக்கு.

திறந்த குழி பற்றி மக்கள் புகார் எழுத அதற்கு ஓர் இணையதளம் வேண்டும். எந்தக் கருவியில் அமைப்பது என்று அவளுக்கும் குழுவில் ஒருவனான தம்மம்பட்டி அறிவழகனுக்கும் ஒரே இழுபறி. அவன் சொன்னது எளிய கருவி. வெறும் உரையாக எழுதிக் கொடுத்தால் பக்கமாக்கித் தரும், சிக்னல் குறைந்த காட்டுக்குள்ளும் சட்டெனத் திறக்கும். ஆனால் வரும் புகார் ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். மைதிலி கேட்டது பெரிய கருவி. அதில் புகார் தானே ஏறும், ஊர்வாரியாகத் தானே பிரியும், எழுத்துப்பிழையைக்கூட அதுவே திருத்திவிடும். அந்தக் கடைசி வசதிதான் அவளை இழுத்தது. சென்னையில் படிக்கப் போன புதிதில், வீட்டுக்கு என்பதை ஊர் வழக்கில் “ஊட்டுக்குப் போறேனுங்க” என்றதற்கு வகுப்பே சிரித்தது. அன்று தன் வாயைத் திருத்திக்கொண்டவள், தன் ஊர்க்காரர்களையும் யாரும் சிரிக்காதபடி நிறுத்திவிடப் பார்த்தாள். பாவம், நல்லெண்ணம்தான்.

சோதனைக்குப் பெரிய கருவியையே ஓடவிட்டார்கள்.

ஜலகண்டாபுரம் பக்கத்திலிருந்து அங்கம்மாள் என்பவர் எழுதினார்: “எங்க ஊட்டுக்குப் பின்னால போர் குழி தொறந்து கெடக்குதுங்க.” போன் எண் கொடுத்தார், ஊர்ப்பெயர் எழுதவில்லை. தன் ஊடு எதுவென்று எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. கருவி ‘ஊட்டு’ பிழையென்று கண்டு ‘ஊட்டி’ ஆக்கியது. ஆக்கியதோடு விடாமல் நீலகிரிக் கணக்கில் கொண்டுபோய் வைத்தது. நீலகிரியில் மூடிக்கு ஆளே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அங்கம்மாளின் ஆட்டுக்குட்டி அந்தக் குழியில் விழுந்து செத்தது.

“சொல்லியும் ஒருத்தரும் வரலீங்களே” என்று அவர் மறுபடி எழுதிய பிறகுதான் மைதிலி பழைய புகாரைத் தேடி எடுத்தாள். உடனே போன் செய்தாள்.

“அக்கா, நீங்க எழுதுனது வந்துச்சுங்க. நாங்கதான் மாத்தி வெச்சுட்டோம். தப்பு என்னோடதுங்க.”

“ஆடு போனாப் போகுது, உடு சாமி,” என்றார் அங்கம்மாள். பிறகு சொன்னார்: “அதைத் தேடிக்கிட்டு எம் பையன்தான் முன்னால ஓடுனான். குழிகிட்ட கால் சறுக்கிருச்சு. வேலிமுள்ளுச் செடியைப் புடிச்சுத் தொங்கிட்டானுங்க. கையெல்லாம் கிழிஞ்சு போச்சு. இப்பக் குழி மேல கல்லைத் தூக்கி வெச்சிருக்கோம்.”

மைதிலி ஊரையும் குழி இருக்கும் இடத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் அறிவழகனிடம், “உங்க கருவியே இருக்கட்டும்” என்றாள்.

“தெனமும் உக்காந்து ஏத்தணும்ங்க. முடியுமா?”

“நான் ஏத்தறேன். ஒவ்வொருத்தரையும் கூப்புட்டுக் கேட்டுட்டே ஏத்தறேன்.”

இப்படிப் பலர் சேர்ந்து எழுதும் திட்டங்களில் ஒரு கருவியைத் தேர்ந்தால், ஏன் தேர்ந்தோம் என்று எல்லாரும் பார்க்க எழுதி வைப்பது வழக்கம். அறிவழகன் ‘வேகம், எளிமை, பாதுகாப்பு’ என்று எழுதி அனுப்பினான். மூன்றும் பொய்யில்லை. மைதிலி மூன்றையும் அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு எழுதினாள்:

“பெரிய கருவியைக் கேட்டது நான். ஓர் அம்மா எழுதியதை நாம் படிக்கவில்லை, திருத்தினோம். அவர் பிள்ளையைக் காப்பாற்றியது ஒரு முள்செடி.”