மூன்று தரம் கேட்கிறவர்

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் துரைப்பாண்டிக்கு என்ன வேலை என்று கேட்டால் பத்துச் சொல்லலாம். ஸ்டிரெச்சர் தூக்குவார், பினாயில் ஊற்றுவார், செத்தவர்களின் கால்விரலைக் கட்டுவார். ஆனால் ஜனங்கள் அவரை அறிந்தது ஒரே வேலையால்தான். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் இடது பெருவிரலை மையில் அமுக்கிச் சம்மதக் காகிதத்தில் வைக்கிறவர் அவர்.

சும்மா அமுக்கிவிட மாட்டார். "அறுக்கப் போறாவ. பிழைச்சாலும் பிழைப்பீரு, போனாலும் போவீரு. சம்மதமா?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்று தரமும் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். ராயகிரிக்காரி ஒருத்தி மூன்றாம் தரம் வேண்டாம் என்றுவிட்டாள். டாக்டர் சத்தம் போட்டார். இவர் மைப்பெட்டியை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அவருடைய அண்ணன் தங்கப்பழம் 1950-ல் கரிவலம்வந்தநல்லூரில் பனையிலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. பேச்சு இருந்தது, பசி இருந்தது. மற்றதெல்லாம் கட்டிலில் போட்டுவைத்த சாமான் மாதிரி. பெண்சாதி கோமதித்தாய் புரட்டிப் போடுவாள், துடைப்பாள், முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பாள். துரைப்பாண்டி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அண்ணனுக்குச் சவரம் பண்ணிவிடுவார். இப்படி இரண்டு வருஷம் ஓடிற்று.

ஒரு ஞாயிறு, கன்னத்தில் சோப்பு இருக்கும்போதே தங்கப்பழம் கேட்டார்.

"லே துரை, எனக்குத் தலைக்கு ஊத்திருதியா?"

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிடையில் விழுந்து இழுத்துக்கொண்டிருக்கிற கிழடுகளுக்குப் பிள்ளைகள் கூடி எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் அவர்கள் அதிக நாள் இருப்பதில்லை. யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

"அது எண்பது வயசுக்காரவுகளுக்குல்லா. ஒனக்கு நாப்பத்தஞ்சுதாம்ணே."

"மிச்சம் முப்பத்தஞ்சையும் நீ வந்து கிடக்கியா?"

துரைப்பாண்டி கத்தியைத் தண்ணீரில் அலசினார். "மயினிகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். பீயையும் அள்ளிட்டு ஜெயிலுக்கும் போகணுமாங்கா."

மறு கன்னத்தையும் வழித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வெற்றுச் சம்மதக் காகிதம் ஒன்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேஷனில் ஆள் போய்விட்டாலும் ரேகை வைத்த காகிதம் இருந்தால் டாக்டர் மேல் பழி இல்லை என்பது அவர் கண்ணால் கண்டது. அதே காகிதம் இதற்கும் ஆகும் என்று நினைத்தார். வக்கீல் குமாஸ்தா நமச்சிவாயத்திடம் கொண்டுபோய் நீட்டினார்.

"புதுசா அரசியல் சட்டம் வந்திருக்குல்லா அண்ணாச்சி, எல்லாருக்கும் உரிமைன்னு. இதுக்கும் ஒரு வரி இருக்கும்லா?"

நமச்சிவாயம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "உயிருக்கு உரிமை எழுதியிருக்கு, வே. சாகதுக்கு எழுதலை. அவரே செஞ்சு பிழைச்சாருன்னா அவருக்கு ஜெயிலு. நீரு செஞ்சா உமக்கு. சம்மதம் இருந்துச்சுன்னு ருசுவானா உம்மைத் தூக்குல போட மாட்டான், அவ்வளவுதான். ஜெயிலு ஜெயிலுதான்."

துரைப்பாண்டி காகிதத்தை எடுக்கப் போனார். நமச்சிவாயம் கையமர்த்தினார்.

"இன்னொண்ணு கேக்கேன். அவருக்குக் கை வருமா?"

"வராது."

"அப்ப விரலைத் தூக்கி வைக்கது யாரு?"

"நாந்தான்."

"பின்ன அது யாரு ரேகைங்கேன்?"

துரைப்பாண்டி காகிதத்தைத் திரும்ப மடித்தார்.

அடுத்த ஞாயிறு குமாஸ்தாவிடம் காகிதம் கொண்டுபோனதை அண்ணனிடம் சொன்னார். "காயிதம் செல்லாதாம்ணே."

"ஆஸ்பத்திரில நீ விரலைப் பாப்பியா, வாயைப் பாப்பியா?"

"வாயைத்தான்."

"அது எங்கிட்ட இருக்குல்லா."

மறுநாள் கோமதித்தாய் கஞ்சி கொண்டுவந்தபோது தங்கப்பழம் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் நாக்கை நனைக்க. ஐந்தாம் நாள் அவள் அழுதுகொண்டே மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் பார்த்தார். "மூக்கு வழியாக் குழாய் விட்டுக் கஞ்சி ஊத்தினாப் பிழைப்பான். ரேகை வாங்கு, துரைப்பாண்டி."

துரைப்பாண்டி மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனார். ஊரார் எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மூக்குல குழா விடப் போறாவ. விட்டா இருப்பீரு. விடலைன்னா போயிருவீரு. சம்மதமா?"

"வேண்டாம்லே."

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில். மூன்றாம் தரம் குரல் வரவில்லை. உதடு மட்டும் சொல்லிற்று. துரைப்பாண்டி குனிந்து பக்கத்தில் காதை வைத்து, காற்றாக வந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"அவன் மாட்டேன்னா என்ன, தம்பின்னு நீ போடு" என்று டாக்டர் காகிதத்தை நகர்த்தினார்.

கோமதித்தாய் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டின முடிச்சையே அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

துரைப்பாண்டி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவரு வாயால சொல்லிட்டாரு, ஐயா."

அதே வண்டியில் திரும்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை துரைப்பாண்டி வழக்கம்போலப் போய்ச் சவரம் பண்ணினார். தோல் தளர்ந்திருந்ததால் இழுத்துப் பிடித்து வழிக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் தங்கப்பழம் போய்ச் சேர்ந்தார். இறப்புப் பதிவில் கிராம முன்சீப் காரணம் கேட்டார். பனையிலிருந்து விழுந்தது என்று சொன்னார்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்து துரைப்பாண்டி வேலைக்கு வந்தார். குடலிறக்கத்துக்கு மூக்காண்டி என்று ஒருவர் படுத்திருந்தார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "சம்மதமா?" என்றார்.

"சம்மதம்தான், அண்ணாச்சி. இதோட நாலாவது தரம் கேக்கீரு."

"அப்படியா" என்று சொல்லி, விரலை மையில் அமுக்கினார்.