என் அண்ணன் விழுவதைப் பார்க்கப் போனவர்கள்

என் அண்ணன் சம்பளத்துக்குக் குஸ்தி போட்டவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஞ்சு வியாபாரி, தன் கிட்டங்கிக்குப் பின்னால் சும்மா கிடந்த மனையைக் கொத்தி, செம்மண் பரப்பி, சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டி, வாசலில் டிக்கெட் கொடுத்து ஆட்களை உள்ளே விட்டார். அதற்குக் கோதா என்று பெயர். நான்கு பயில்வான்களுக்கு மாதச் சம்பளம், பால், நெய், கறி எல்லாம் அவர் பொறுப்பு. அந்த நான்கு பேரில் என் அண்ணன்தான் முதல் ஆள்.

நான் ஒரு நாளும் டிக்கெட் வாங்கி உள்ளே போனதில்லை. லங்கோடு கட்டிய ஆண்கள் கட்டி உருளும் இடத்துக்குப் பெண்பிள்ளைகள் போவது கிடையாது. ஆனாலும் அங்கே யார் போனார்கள், எதற்குப் போனார்கள், எப்போது போவதை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வியாபாரிக்கே தெரிந்திருக்காது. ஏனென்றால் நான் வாழ்க்கைப்பட்டிருந்தது ராஜபாளையத்தில். இரண்டு ஊருக்கும் எப்போதும் போட்டி. அங்கிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் கிளம்பிப் போனது என் அண்ணன் விழுவதைப் பார்க்க.

என் வீட்டுக்காரருக்கு வண்டிப் பட்டறை. சக்கரத்துக்குப் பட்டை போடுவதும் அச்சு மாற்றுவதுமாக எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். குஸ்தி நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தெருக்காரர்கள் அங்கேதான் கூடுவார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு ஏறிக்கொள்வார். அவருக்கு மச்சான் மேல் பிரியம் உண்டு. ஆனால் ஊர் வண்டியில் ஏறியபின் ஊர் பேசுகிற பேச்சைத்தானே பேச வேண்டும்.

அடுத்த வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவருக்கு அய்யனார் கோவில் போகிற வழியில் மாந்தோப்பு இருந்தது. மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். ஒரு குஸ்தியைக்கூட விட மாட்டார். மறுநாள் காலையில் எங்கள் வாசலுக்கு வந்து, என்னிடமே சொல்லுவார்.

"ஏம்மா, கோவிச்சுக்காத. ஒங்கண்ணன் மண்ணைக் கவ்வுறத ஒரு தடவை கண்ணால பாத்துட்டேன்னா, வண்டி மாட்டை அவுத்துக் கட்டிருவேன். பொறவு அந்தப் பக்கமே போக மாட்டேன்."

"எங்கண்ணன் விழவே இல்லைன்னா?"

"அதுக்குத்தானம்மா விடாமப் போய்க்கிட்டு இருக்கேன்!" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்போது அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் போனது வேறு காரணத்துக்கு. தங்கள் ஊர் ஆள் ஜெயிக்கிறான் என்ற பெருமை. அறுவடை முடிந்த மாதங்களில் வத்திராயிருப்பு, கான்சாபுரம் பக்கத்துச் சம்சாரிகளும் வந்தார்கள். அண்ணன் கடைத்தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்களாம். அம்மா மட்டும் அவன் குஸ்தியைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். நாங்கள் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அவனைப் பார்க்கிற பார்வை அம்மாவுக்குப் பிடிக்காது. என்றாலும் குஸ்தி நாளில் அவள் முழங்காலில் நின்று எழுந்திருக்க வெகுநேரம் ஆகும்.

அவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். தொல்லை அங்கேதான் தொடங்கியது. எப்படியும் அவன்தானே ஜெயிக்கப் போகிறான் என்று உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். எங்கள் தெருவிலும் வண்டிகள் குறைந்தன. கடைசியில் மாந்தோப்புக்காரர் வண்டி மட்டும் போனது. அதிலும் இடம் காலி.

ஒரு நாள் உச்சி வெயிலில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தான். என் வீட்டுக்காரர் மரம் வாங்கப் போயிருந்தார். சோறு போட்டேன். பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"ஏட்டி, முதலாளி என்னைய விழச் சொல்லுதாரு" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"மதுரைப் பக்கத்துல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வாராரு. அவங்கிட்ட நான் தோத்து விழணுமாம். அப்பத்தான் ஊரு திரும்ப வருமாம். அடுத்த தடவை நான் ஜெயிக்கணுமாம்."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'அப்ப கோதாவை மூடிருதேன், நீங்க நாலு பேரும் போய்ப் பொழப்பப் பாருங்க'ன்னாரு. மத்த மூணு பேருக்கும் குடும்பம் இருக்கு தாயி."

அவன் விழுந்தான். அன்றைக்குத் திரும்பி வந்த வண்டிகளின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தெரு முழுக்கக் கூச்சல். மாந்தோப்புக்காரர் யாரையோ விட்டு அதிர்வேட்டுப் போடச் சொன்னார். பிறகு போகவே மாட்டேன் என்று சொல்லியிருந்தவர், அடுத்த குஸ்திக்கு முதல் ஆளாக வண்டி பூட்டினார். மறுபடியும் விழுவானா என்று பார்க்க வேண்டுமே! ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். அவன் ஜெயித்தபோது வராதவர்கள், தோற்றபின் அவனைத் தேற்றவும் திட்டவும் கூட்டமாக வந்தார்கள். தட்டிக்கு வெளியே நின்றவர்களே ஏராளம் என்று கேள்விப்பட்டேன்.

அதன்பின் அண்ணன், முதலாளி சொன்னபடி ஜெயித்தான், சொன்னபடி விழுந்தான். வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவான். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

"பொய்யா விழுறது லேசுன்னு நினைக்காத. விழும்போது 'அய்யோ'ன்னு சத்தம் போடணும். சத்தம் போட்டாத்தான் நம்புதாங்க."

"நிசமாவே விழுந்தா?"

"ஏட்டி, நிசமா விழுந்தா எவனுக்குச் சத்தம் வரும்? மூச்சே வராது." பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இப்ப ஜெயிச்சாலும் நாந்தான் ஜெயிச்சேனான்னு தெரியல" என்றான்.

என் வீட்டுக்காரரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அது வெளியே வந்துவிட்டது. மதுரைப் பக்கத்துப் பயில்வான் ராஜபாளையத்துக் கள்ளுக்கடையில் உட்கார்ந்து, போதையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மறுநாள் காலையில் மாந்தோப்புக்காரர் வந்தார். சிரிப்பில்லை. முகம் கறுத்திருந்தது.

"எம்புட்டு நாளா ஏமாத்தியிருக்கான்! நாங்க வண்டி கட்டிக்கிட்டுப் போனது கூத்துப் பாக்கவாம்மா?"

என் வீட்டுக்காரர் கையில் சுத்தியலோடு நின்று என்னைப் பார்த்தார். எனக்கு முன்பே தெரியும் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

கோதா அடியோடு காலியானது. சண்டை போட்டு விலகவில்லை யாரும். சும்மா வராமல் இருந்தார்கள். அண்ணன் கடைத்தெருவில் போனால் பார்த்தும் பாராதது போல் வேலையைப் பார்த்தார்களாம். அவனுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

முதலாளி கடைசியாக ஒன்று செய்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வாட்டசாட்டமான இளவட்டம் ஒருவனை வரவழைத்து, இது சத்தியமான குஸ்தி என்று இரண்டு ஊரிலும் தமுக்கடித்துச் சொல்ல வைத்தார். அண்ணனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு தடவை நிஜமாகக் குஸ்தி போட்டுவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஊர் மறுபடியும் கிளம்பியது. ஆனால் இந்தத் தடவை ஜெயிப்பதைப் பார்க்கவும் இல்லை, தோற்பதைப் பார்க்கவும் இல்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனார்கள்.

அப்போது நான் தலைப்பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் இருந்தேன். கிட்டங்கியை ஒட்டி ஒரு மச்சுவீடு. அந்த வீட்டு அம்மாள் என் அம்மாவுக்குச் சிநேகிதி. அவர்கள் மாடிச் சன்னலைத் திறந்தால் கோதா முழுவதும் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரி இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று அம்மா தடுத்தாள். நான் கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் அண்ணன் குஸ்தியை நான் கண்ணால் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

சாயங்கால வெயிலில் செம்மண் பளபளவென்று கிடந்தது. கூட்டத்தில் என் வீட்டுக்காரரையும் மாந்தோப்புக்காரரையும் என்னால் அடையாளம் காண முடிந்தது. அண்ணன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தான். யாரும் கைதட்டவில்லை. இரண்டு பேரும் பிடித்துக்கொண்டபோதே, "ஏலே, இன்னைக்கு ஒன் முறையா, அவன் முறையா?" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

செத்த நேரம் இரண்டு பேரும் அசையவே இல்லை. பிறகு அந்த இளவட்டம் அண்ணனின் காலுக்குள் கால் கொடுத்துத் தூக்கிச் சாய்த்தான். அண்ணனுடைய உடம்பு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் நின்றது. விழுந்தான். சத்தமே இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே!" என்று கத்தினேன். கீழே கூட்டம் போட்ட கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"நடிக்காத, எந்திரிலே!"

"சத்தம் போட மறந்துட்டாண்டோய்!"

ஓலைத்தட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் கையில் இருந்த கடலைத் தோலை எறிந்தான். அண்ணன் முகம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. ஒரு கை மட்டும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் வாயில் கையைக் குவித்துக் கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்று கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

பயில்வான்களுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கும் வஸ்தாது ஒரு சாயபு. வயதானவர். அவர்தான் முதலில் ஓடி வந்தார். அண்ணன் தொடையில் கை வைத்தவர் உடனே கையை எடுத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "அடப்பாவிகளா, எலும்பு முறிஞ்சு கிடக்கான்! கட்டில் கொண்டாங்க, கட்டில்!" என்று அலறினார். அதற்கும் சிரித்தார்கள். வஸ்தாதுவும் நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். எதிர்த்து நின்ற அந்த இளவட்டம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தபிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. அடங்கியதும் வாசல் பக்கம் நகர்ந்து போனவர்கள்தான் அதிகம்.

கட்டிலில் வைத்து அம்மா வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். ஒரு முனையைப் பிடித்திருந்தவர் என் வீட்டுக்காரர். வஸ்தாது மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரும் வந்து பார்த்தார். உயிர் பிழைத்தான். தொடை எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஒரு கால் குட்டையாகிவிட்டது.

அவன் படுத்திருக்கும்போதே என் மகன் பிறந்தான். பிள்ளையைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர், அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான், நானும் கத்துனேன்" என்றார்.

"தெரியும் மாப்ள. ஒங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்றான் அண்ணன்.

கோதா அத்தோடு மூடப்பட்டது. தட்டியைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் பஞ்சு காயப்போட்டார்கள். அம்மா காலமானபின் அண்ணன் எங்களோடு ராஜபாளையத்துக்கு வந்துவிட்டான். பட்டறையில் உட்கார்ந்து துருத்தி ஊதுவான். மாந்தோப்புக்காரர் பருவம் தவறாமல் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைப்பார். குஸ்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தெருவில் மற்றவர்கள் அப்படி இல்லை. வண்டி பழுது பார்க்க வருகிறவன்கூட, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அன்னைக்கு நிசமாவே முறிஞ்சதா?" என்று கேட்பான். அண்ணன் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டுவான். கேட்டவன் பார்த்துவிட்டுப் போவான். அவன் நம்பினானா என்பது போகிற நடையில் தெரியாது.

சில வருஷம் கழித்து ராஜபாளையத்திலேயே வேறு ஒருவர் கோதா போட்டார். அன்றைக்குக் கத்தியவர்கள் எல்லோரும் அங்கேயும் போனார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. எத்தனையோ பேர் கூப்பிட்டும், வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டார். அண்ணன் போனான். கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு குஸ்தி விடாமல் போனான். எனக்கு அது பொறுக்கவில்லை.

"ஒன்னைய அந்தப் பாடு படுத்தினவங்களோட போய் உக்காந்திருக்கியே, ஒனக்கு என்னண்ணே அங்க இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஒருத்தன் விழுந்தா நிசமா பொய்யான்னு சொல்ல அங்க ஒரு ஆளு வேணும்லா, ஏட்டி" என்றான்.

ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. குஸ்தி நாளில் காலையிலேயே குளித்து, எண்ணெய் தேய்த்து, கைத்தசையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வான். அதையும் நான் பார்த்திருக்கிறேன். மத்தியானம் அவன் கிளம்பிப் போனதும் என் வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அவன் திரும்புகிறவரை துருத்திப் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருப்பார். கோதா பக்கமிருந்து கூச்சல் வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.