இணைக்காமல் விட்ட கால்

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் ஒரு சிறிய எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் வேலை பார்த்தேன். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டியை வடிவமைப்பது என் பொறுப்பு. தோட்டங்களில் கரண்ட் வந்து வந்து போகும் என்பதால் பெட்டி பேட்டரியில் ஓட வேண்டும்.

முதலில் போட்ட சிப் தொட்டால் சுட்டது. நாலே நாளில் பேட்டரியைத் தீர்த்தது. அப்போதுதான் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புது வகை வந்திருந்தது. வேண்டிய லாஜிக்கைக் கணினியில் எழுதி சிப்புக்குள் ஏற்றிவிடலாம். கிணற்றுக்குள் தொங்கித் தண்ணீரை உணரவேண்டிய கம்பிகளைப் பட்டறையில் பக்கெட் தண்ணீரில் நனைத்தும் தூக்கியும் பார்த்தேன். சரியாக நிறுத்தியது. ஓனருக்குத் திருப்தி.

முதல் பெட்டியை ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் மாட்டினோம். மூன்றாம் வாரம் மோட்டார் எரிந்துவிட்டதாக போன் வந்தது. நானே பஸ் ஏறிப் போனேன். தோப்பைப் பார்த்துக்கொண்டவர் நடுத்தர வயதுப் பெண்மணி.

"ஏனுங்க அம்மணி, தண்ணி இருக்கற வரைக்கும் உங்க பொட்டி நல்லாத்தானுங்க இருந்துச்சு. தண்ணி வத்துன கொஞ்ச நேரத்துல லைட்டு மங்கி நின்னுபோச்சுங்க. மோட்டார நிறுத்திப்போட்டுதாக்கும்னு நெனச்சு நானும் ஊட்டுக்குப் போயிட்டனுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்தேன். சிப்பின் இருபதாம் கால்தான் பேட்டரியோடு சேர வேண்டியது. சேரவில்லை. புது சிப்புக்காகப் போட்ட போர்டில் இரண்டையும் இணைக்கும் செம்புக் கோட்டை வரையவே மறந்திருக்கிறேன்.

"பேட்டரி போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. பேட்டரிய நான் சிப்போட சேக்கவே இல்லீங்க. தப்பு என்னுதுங்க."

"அப்பறம் மூணு வாரம் எப்புடீங்க ஓடுச்சு?"

தண்ணீரில் இருந்த கம்பிகள் வழியாக வந்த சிக்னலிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டது. தண்ணீர் வற்றியதும் சிக்னல் நின்றது, சிப்பும் நின்றது. பக்கெட்டில் சோதித்தபோது இரண்டு நொடியில் நிறுத்தும்படி வைத்திருந்தேன். சிப்பில் மிச்சமிருந்த மின்சாரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. தோட்டத்தில் ஒரு நிமிடம் காத்திருந்து நிறுத்தச் சொல்லியிருந்தேன். அதற்குள் மிச்சமும் தீர்ந்து சிப் அணைந்துவிட, மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி எரிந்தது. பழைய சிப்பாக இருந்தால் மேசையிலேயே ஓட மறுத்திருக்கும்.

இதைச் சொன்னதும் அவர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "அத்தன கம்மியாத் தின்னுபோட்டு வேலை செய்யுதுங்களா?" என்றவர் நிமிர்ந்து, "மோட்டாருக்குச் சீக்கிரம் புதுசா காயில் கம்பி சுத்திக் குடுத்துருங்க. மரமெல்லாம் காயுதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தக் காலையும் பேட்டரியையும் சேர்த்துச் சிறு கம்பி ஒன்றை அங்கேயே பற்றவைத்தேன். திரும்பும் பஸ்ஸில்தான் வெட்கம் வந்தது.

ஓனரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை, மோட்டாரை எடுத்துவர ஆள் அனுப்பினார். அலமாரியில் தயாராக இருந்த நாலு பெட்டிகளையும் திறந்து கம்பி வைத்தேன்.

அதற்குப் பிறகு நிறையத் தோட்டங்களில் மாட்டினோம். எங்கே போனாலும் கிணறு வற்றும்வரை உட்கார்ந்திருந்து, மோட்டார் நிற்பதைப் பார்த்த பிறகே கிளம்பினேன்.