காசியின் அரோகரா

காசியை யாராவது நல்லவன் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2004இல் செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். பழங்காலக் கோட்டைச் சண்டை விளையாட்டில், அங்கே விளையாட வரும் விமல்ராஜிடம் அவன் தோற்றதே இல்லை. நெருப்பு அம்புகளை மதில்மேல் வீணாக்காமல், வெளியே இருக்கும் கூரை வீடுகள்மேல் விடுவான். விமல்ராஜ் பதறி, காவல் வீரர்களை எல்லாம் தீயணைக்க அனுப்புவான். கோட்டை காலியாகும். தீபத்தன்று மலையைப் பார்த்துக் கூவும் அதே குரலில் காசி கத்துவான்: "அரோகரா!"

ஒருநாள் கேட்டேன். "அவன் அணைக்காம உட்டுட்டா?"

"நான் தோத்துடுவேன்," என்று சிரித்தான் காசி. "ஆனா உடமாட்டான். அவங்கம்மா கூரை வீடு எரிஞ்சிதான் செத்தாங்க. அன்னிக்கு இவன் லேட்டாதான் ஓடியாந்தான்."