பேப்பர் மட்டும் கோர்ட்டுக்குப் போகும்

சிறைக் கல்வியை ஆராயக் கிளம்பும் இளைய விரிவுரையாளர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும்போது இன்னும் ஆத்திரம் வருகிறது. அதில் பாதி என் மேல்தான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துச் சப்-ஜெயில் ஒன்றுக்குக் கேள்வித்தாள் கட்டோடு போனேன். கைதிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும், என் பிஎச்.டி.க்கு டேட்டாவும் எடுக்க வேண்டும். முதல் ஆள் முனுசாமி. தொழிற்பேட்டைக் கட்டட வேலையில் கம்பி திருடியதாகக் கேஸ்.

"தண்டனை எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"தீர்ப்பே ஆவல சார். உள்ள வந்து ரெண்டு வருசம் ஆவுது."

"பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணுமே?"

"கோர்ட்டை நான் பாத்ததே ஒரு வாட்டிதான் சார்."

வார்டரிடம் கேட்டேன். சிரித்தார். "எஸ்கார்டுக்கு போலீஸ் ஏது சார்? ரிமாண்டு பேப்பரை கான்ஸ்டபிள் எடுத்துக்கினு போவாரு, கையெழுத்து வாங்கிக்கினு வந்துடுவாரு. ஆளு எதுக்கு?"

மனிதனைப் பூட்டிவைத்துவிட்டுக் காகிதத்தை ஊர்வலம் விடுகிற அக்கிரமம்! குற்றம் நிரூபணமாகியிருந்தாலும் ஆறு மாதம்கூடக் கிடைத்திருக்காது.

துறைத் தலைவரிடம் ஓடினேன். "இப்ப வாயைத் தொறந்தா பர்மிஷன் கேன்சல் ஆயிடும்யா. டேட்டா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வெட்கக்கேடு. நான்கு மாதம் வாராவாரம் போய் முனுசாமிக்கு 'அ', 'ஆ' சொல்லிக் கொடுத்தேன். அவர் மனைவி அலமேலு அவரைப் பார்க்க மனுப் போட்டு வந்து கம்பிக்கு வெளியே நிற்பதையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசிக் கேள்வித்தாள் நிரம்பிய மறுநாள் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுத்தேன். பத்தே நாளில் முனுசாமியை வரவழைத்து, சொந்த ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஒரு தாளில் முடிகிற காரியம்.

ஒரு வாரம் கழித்து முனுசாமி கல்லூரிக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மீஞ்சூர்ல ஊடு பூட்டிக் கெடக்குது சார். அலமேலு போன மாசம்தான் கொழந்தையை இட்டுக்கினு ஆந்திராப் பக்கம் செங்கல் சூளைக்குப் போச்சாம். எந்த சூளைன்னு யாருக்கும் தெரியல." பிறகு கேட்டார்: "ஒரு மனு குடுத்தா உட்டுடுவாங்கன்னு உனக்கு எப்ப சார் தெரியும்?"

"மொத நாளே தெரியும்" என்றேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சூளை சூளையாகத் தேடக் கிளம்பினார்.

ஆராய்ச்சி நின்றால் நிற்கட்டும். தெரிந்த அன்றைக்கே மனுவை எழுதுங்கள்.